சோதனைச் சுவருக்கு ஒரு நிலை

தெரிந்த தொழிலையே தெரியும் என்று நிரூபிக்கப் பழக்குவதுதான் என் தொழில். வளைகுடாவுக்குப் போகும் மேசன்மாரை நெல்லியடியில் தொழிற் பரீட்சைக்குத் தயார்செய்கிறேன். பாடம் சொல்லிக்கொடுத்துக் களைத்தவர்களே, நீங்கள் இதை நம்புவீர்கள்.

கற்ற இடம்

உடுப்பிட்டித் தவராசா இருபது வருட மேசன். அடுத்த மாதம் வயது நாற்பத்தைந்து. அவர் விண்ணப்பித்த கத்தார் கம்பனி அந்த வயதுக்குமேல் ஆள் எடுக்காது. ஆகவே இந்தப் பரீட்சைதான் கடைசி. விண்ணப்பத்தில் 'தொழில் கற்ற நிறுவனம்' என்ற இடத்தில் 'பெரியப்பா' என்று எழுதியிருந்தார். பெரியப்பா நிறுவனமாக மாட்டார் என்று விளக்கினேன்.

"ஏன் சேர், ஒரு நாளும் லீவு தராத மனிசன்!"

செவ்வாய், மூன்று மணி

பரீட்சையில் சுவர் கட்டி, கதவு நிலை வைக்கவேண்டும். ஐந்து மணிக்கு முடிவு. மூன்றுக்குள் சுவரை முடித்த தவராசா, சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் குந்திவிட்டார். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். நாளைக்கே இடிக்கிற சுவர், இதற்குள் எவரும் குடிபோகப் போவதில்லை என்று மன்றாடினேன்.

"அது நிலைக்குத் தெரியுமோ சேர்?"

பரீட்சகர்

பரீட்சகர் ஒரு ஜோர்தானிய எஞ்சினியர். தொழுதுவிட்டு வந்தவர், இந்த ஆள் ஏன் சும்மா இருக்கிறார் என்று கேட்டார். சீமெந்து இறுகட்டும் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அது தொழில்நுட்ப ரீதியாகப் பிழை என்பதால் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாலு முப்பத்தொன்றுக்குத் தவராசா எழும்பினார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க நிலை நின்றது. பரீட்சகர் தூக்குக்குண்டு பிடித்தார், மயிரிழை விலகவில்லை. கையெழுத்து வைத்தபடி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் தொழப் போனபோது நீங்கள் பதறவில்லையே."

கத்தாரிலிருந்து

நாலு மாதம் கழித்துத் தவராசா தொலைபேசியில் வந்தார். பல்கலைக்கழகம் முடித்த அந்த ஊர் எஞ்சினியர்ப் பொடியள் மூன்று பேரை வேலை பழக அவரோடு விட்டிருக்கிறார்களாம். கட்டடப் படம் அச்சாவாகக் கீறுவார்களாம், கரண்டி பிடிக்கத்தான் தெரியாதாம். இப்போது எப்படி என்று கேட்டேன்.

"நல்லாப் பழகீட்டினம் சேர். செவ்வாய் பின்னேரத்திலை ஒருத்தரும் நிலை வைக்கினமில்லை."

வளைகுடாவுக்குத் திறன் ஏற்றுமதி செய்கிறோம் என்று எங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. கூடவே போகிற மற்றச் சாமான்களை எழுத அதில் இடமில்லை.