எதிரி கம்பெனியின் முதல் வாடிக்கையாளர்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு டிவி கம்பெனியின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, அடுத்த கம்பெனிக்காரன் செய்த டிவியைக் கழற்றிப் பார்ப்பதே பிழைப்பாகக் கொண்ட ஒருவரைப் பற்றி யார் எழுதுவார்கள்? இந்தப் பெருங்குறையைப் போக்கவே இச்சிறு முயற்சி.

அலுவலகத்தில் அவரைத் திருப்புளியார் என்பார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் திருப்புளி செருகியிருப்பார். கடைக்குப் போனால் எல்லோரும் டிவியில் படத்தைப் பார்ப்பார்கள். அவர் பின்பக்கம் போய்த் திருகாணியைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் ஏதோ மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்த மாமாவைப் போலத் தலையாட்டுவார்.

போட்டிக் கம்பெனியின் பெயரை அந்தக் கட்டடத்துக்குள் உச்சரிக்கக் கூடாது. 'அவங்க' என்றால் போதும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தன் மேலாளரைப் பற்றி, "அவங்க எப்ப வருவாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கு, பக்கத்து மேசைக்காரர்கள் பதறி எழுந்து கதவைச் சாத்தினார்களாம்.

திருப்புளியாரின் வேலை முறையை இங்கே விளக்குவது அவசியம். கம்பெனி ஒரு புது மாடல் கொண்டுவர நினைத்தால், முதலில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற 'அவங்க' டிவியை வாங்கி அலச வேண்டும். கம்பெனி பேரில் வாங்கினால் குட்டு வெளிப்படும். அதனால் திருப்புளியார் குடும்பஸ்தனாகப் போய் வாங்குவார். டிவி முதலில் அவர் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டப்படும், எதிரியின் சேவை எப்படி என்றும் தெரிய வேண்டுமல்லவா? மாட்ட வருகிற ஆளிடம் பழைய டிவியைப் பற்றி என்ன குறை சொல்ல வேண்டும், என்ன வசதி கேட்க வேண்டும் என்பதையெல்லாம் 'அவங்க'ளை முந்தத் திட்டம் போடும் வியூக அதிகாரி வாய்வழியாகச் சொல்லி அனுப்புவார். திருப்புளியார் குளிக்கும்போது அதை மனப்பாடம் செய்து, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார். ஒரு வாரம் குடும்பம் பார்த்து அனுபவித்த பிறகு டிவி ஆட்டோவில் ஏறி அறுவை மேசைக்கு வந்து சேரும்.

"இந்த வீட்டுல ஒரு சீரியலை ஒரே டிவியில முழுசா பார்த்தேன்னு உண்டா?" என்பது அவர் மனைவியின் நியாயமான கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் இடி விழுந்தது. கம்பெனி ஒரு ரகசிய மாடல் வைத்திருந்தது. பின்னணி இசை எவ்வளவு அலறினாலும் பேச்சு மட்டும் தூக்கலாகக் கேட்கும். அதைப் பற்றிக் கூட்டம் போட்டு, கூட்டத்தைப் பற்றி இன்னொரு கூட்டம் போட்டு, விளம்பரத்துக்கு நாள் குறிக்கும் நேரத்தில், 'அவங்க' அதே வசதியோடு கடைக்கு வந்துவிட்டார்கள். இதற்கு முன்னால், வெளிச்சம் தானாகக் குறையும் டிவியிலும் இதே கதைதான் நடந்தது.

வியூக அதிகாரி திருப்புளியாரைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டார்.

"உங்க மேல சந்தேகப்படுறேன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா சந்தேகமா இருக்கு."

"சார், நானா?"

"இந்தக் கம்பெனியில அவங்க பொருளைத் தொடுற கை உங்க கைதான். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள ரகசியத்தை வெளிய விட்ட ஆளைக் காட்டுங்க. காட்டலேன்னா ஆள் நீங்கதான். வேலையை விட்டுட்டுக் கிளம்பலாம்."

அன்று முதல் திருப்புளியார் மனிதர்களையும் பின்பக்கமாகப் பார்க்க ஆரம்பித்தார். முதல் சந்தேகம் மச்சினன் மேல். அவன் வேலை பார்க்கும் கடையில் இரண்டு கம்பெனி டிவியும் விற்கிறார்கள். ஒரு ராத்திரி சாப்பிட வந்தவனிடம், காதருகே குனிந்து ஒரு பொய்யைப் போட்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாங்க வட்டமா ஒரு டிவி கொண்டுவர்றோம்."

மச்சினன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "மாமா, வட்ட டிவியில மூலையில நிக்கிறவன் எங்க போவான்?"

மறுநாள் அவன் கடைக்கு எதிரே ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அரை மணி நேரத்தில் மனைவியிடமிருந்து போன். "தம்பி கூப்பிட்டான். தூணுக்குப் பின்னாடி மாமா நிக்கிறார், வீட்டுல சண்டையான்னு கேக்கறான். நான் என்ன சொல்லட்டும்?"

அடுத்த சந்தேகம் மனைவி மேல் தாவியது. "தினமும் போன்ல யார்கிட்ட பேசறே?"

"என் தங்கச்சிகிட்ட."

"எதைப் பத்தி?"

"உங்களைப் பத்தித்தான். பெருமையா ஒண்ணும் சொல்லல, பயப்படாதீங்க."

திங்கட்கிழமை நெருங்கியது. இடையில் கடமை தவறாமல், பேச்சு தூக்கலாகக் கேட்கும் அந்த எதிரி டிவியையும் வாங்கிவிட்டிருந்தார். வழக்கமாக வரும் அதே ஆள்தான் மாட்ட வந்தான். சுவரில் துளை போட்டுக்கொண்டே சிரித்தான்.

"சார், நீங்க கேட்டது வந்துடுச்சு பாத்தீங்களா?"

"நான் என்ன கேட்டேன்?"

"போன தடவை சொன்னீங்களே, பாட்டு ஓங்குது பேச்சு அமுங்குதுன்னு. அப்படியே எங்க ஆபீஸ்ல சொன்னேன். அதுக்கு முன்னாடி கண்ணு கூசுதுன்னீங்க, அதையும் செஞ்சாங்க. அந்த வீட்டு சார் எதைச் சொன்னாலும் உடனே போன் பண்ணுன்னு எங்க மேனேஜர் உத்தரவு. இவ்வளவு தெளிவா குறை சொல்ற வாடிக்கையாளர் கிடைக்கவே மாட்டாராம்."

திருப்புளியார் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். யாரும் எதையும் திருடவில்லை. அந்த வசதி எதிரியிடம் உண்டா என்று நோட்டம் பார்க்க, கம்பெனியின் ரகசியத்தையே குறையாக்கி வியூக அதிகாரி சொல்லிக்கொடுத்தார், இவர் மனப்பாடம் செய்து எதிரி கம்பெனி ஆளிடம் ஒப்பித்தார், டீயும் கொடுத்தார்.

திங்கட்கிழமை உண்மையைச் சொன்னார். அதிகாரி ஏசியின் குளிரைக் கூட்டினார்.

"அப்போ ரகசியத்தை விட்ட ஆள்..."

"நாம ரெண்டு பேரும்தான் சார்."

"ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் போதும்." அந்த ஒருவர் யார் என்பது திருப்புளியாருக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியின் முகத்தில் திடீரென்று வியூகம் படர்ந்தது. "ஒரு வாய்ப்புத் தரேன். இனிமே உருப்படாத குறையா சொல்லுங்க. அதை நம்பி அவங்க பணத்தைக் கொட்டி முட்டுச்சந்துல போய் நிக்கணும். நின்னா உங்க வேலை நிலைச்சுது."

உருப்படாத யோசனைக்கு எங்கே போவது? வீட்டில் கேட்டார். மனைவி அப்போது சோபாவைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதி நாள் இந்த ரிமோட்டைத் தேடறதுலயே போகுது. டிவியில ஒரு பட்டனைத் தட்டினா, இது இருக்கிற இடத்துலேர்ந்து கத்தணும்."

அதிகாரி கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பிரமாதம்! இதுக்காக எவன் டிவி மாத்துவான்? இதையே சொல்லுங்க." மாட்ட வந்த ஆளை ஏதோ காரணம் சொல்லி வரவழைத்து, திருப்புளியார் உருக்கமாகச் சொன்னார். அவன் வாசலிலேயே போனை எடுத்தான்.

சில மாதங்களில் ரிமோட் கத்தும் அந்த டிவி கடைக்கு வந்தது. மச்சினன் கூப்பிட்டான்: "மாமா, அவங்க டிவி இறக்கி வைக்கிறதுக்குள்ள வித்துப் போயிடுது. உங்க டிவி பெட்டி மேல நான் டிபன் பாக்ஸ் வச்சுச் சாப்பிடறேன்."

அதிகாரி மீண்டும் திரையை இழுத்துவிட்டார்.

"இது யாரோட யோசனை?"

"என் வீட்டுக்காரியோடது சார்."

"இவ்வளவு நல்ல யோசனையை எதிரிக்கு ஏன் கொடுத்தீங்க?"

"நீங்கதான் சார் உருப்படாததுன்னு..."

"நான் ஆயிரம் சொல்வேன். நம்ம கம்பெனிக்கு ஏன் முதல்ல சொல்லல?"

திருப்புளியார் நிஜமாகவே யோசித்தார். "நம்ம கம்பெனியில என்ன வேணும்னு யாரும் என்கிட்ட கேக்கல சார். அவங்க கேட்டாங்க."

அன்றே டிவி கழற்றும் அறையின் சாவி கைமாறியது. ஆனால் அவரை வெளியே அனுப்பினால் 'அவங்க' கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், அதிகாரி அவரை வாடிக்கையாளர் குறை கேட்கும் நாற்காலியில் உட்கார வைத்தார். வேலை பிழைத்தது.

இப்போது அவர் நாள் முழுக்க போனில் குறை கேட்கிறார். திட்டுகிறவர்கள், உளறுகிறவர்கள், பிளக்கைச் செருகாமலே புகார் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, சொன்னதை மேலே அனுப்பிவைக்கிறார். எப்போதாவது ஒருவர் நிதானமாக, தெளிவாக, இன்ன வசதி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லும்போதுதான், இவரும் தன்னைப் போல ஒப்பிக்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம் வருகிறது.

"சார், நீங்க உண்மையிலேயே வாடிக்கையாளர்தானா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்துவிடுகிறார்.