பேர் பதிந்த ஆள்

என் வீட்டுக்காரர் ஒரு ராணுவத்துக்குத் துணி துவைத்தவர். அது எங்கள் நாட்டு ராணுவம் அல்ல. துணி துவைத்த ஊரும் அந்த ராணுவத்தின் ஊர் அல்ல. சண்டையில் சிதைந்து கிடந்த யாருடைய நாட்டிலோ வேறு யாரோ போய் முகாம் போட்டு உட்கார்ந்திருக்க, அவர்களுடைய அழுக்கை வெளுக்க ஹட்டனிலிருந்து இவர் போனார். ஊரில் கேட்டால் 'மெஷின் ஆபரேட்டர்' என்பார். மெஷின்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

அந்த ராணுவம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு இவரும் வீடு வந்து சேர்ந்தார். கூரைக்குத் தகரம் மாற்றினார், தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் லீக்ஸ், கோவா என்று காய்கறி போட்டார். ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தோம். போன வருடம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏஜென்சிக்காரர் இவரை வழியில் பிடித்தார். அதே ராணுவம், வேறு நாடு. அங்கேயும் சண்டை, அங்கேயும் 'உதவி'. இந்த முறை சூப்பர்வைசர் வேலை. அன்று வீட்டுக்கு வந்தபோது இவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. எப்பாடு பட்டாவது இவரைப் போகவிடக் கூடாது என்பதைத் தவிர அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

எங்கள் வீட்டுச் சண்டை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"நீ கண்டியா? நான் கண்டேன்," என்பார். "ஆஸ்பத்திரி கட்டுனாங்க. ரோடு போட்டாங்க. பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம் போச்சுங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவங்க டாக்டருதான் பாத்தாரு. மூணு நேரமும் சாப்பாடு, ஐஸ்கிரீம் வேற."

"வெளிய எங்கயாச்சும் போனீங்களா?"

"வெளிய விட மாட்டாங்க. பாதுகாப்பு இல்ல."

"அப்ப என்னத்தக் கண்டீங்க? வேலிக்குள்ள இருந்துக்கிட்டு ஐஸ்கிரீமத்தான் கண்டீங்க."

உண்மை அதுதான். அந்த நாட்டில் இருந்த காலம் முழுவதும் அதன் கடைத்தெரு எதிலும் இவர் கால் வைத்ததில்லை. மணல் மூட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறது என்பதே தொழுகைச் சத்தம் கேட்டுத்தான் தெரியுமாம். அந்த நாட்டுக்கு என்ன நன்மை நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் வந்துவிடுவார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் தம்பி கேட்பான். அவன் ஹட்டனில் வாத்தியார், எதையும் நிதானமாகப் பேசுகிறவன். எனக்கு அந்த நிதானம் வரவில்லை. நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம் அது. இப்போது அதற்குப் பலகையில் நாகரிகமான பெயர் எழுதிவிட்டார்கள், சுவரில் யானையும் முயலும் வரைந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கிறார்கள், சிலர் கண்கூடக் கலங்குகிறார்கள். கலங்கட்டும். ஆனால் மடுவம் எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளையை இங்கே விட்டால்தான் தாய் மலைக்கு ஏறுவாள். வெயில் காலத்தில் கொழுந்து இல்லாமல் வேலை நிற்கும்போது மடுவம் திறந்திருக்கிறதா, பிள்ளைக்குப் பால் கிடைத்ததா என்று ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை. பிள்ளை பால் குடிக்கிறது என்பது பொய்யில்லை. அந்தப் பால் கொழுந்துக்காகக் காய்ச்சப்படுகிறது என்பதும் பொய்யில்லை. இதைத் தினமும் பார்க்கிறவளிடம் வந்து, துப்பாக்கியோடு வந்தவன் பள்ளிக்கூடம் கட்டினான் என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

எங்கள் நாட்டுக்கும் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு படை வந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. சண்டை வடக்கில், நாங்கள் மலையில். ஆனாலும் வந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறிய தேசத்துக்காரர்கள் என்பதால், 'நம்ம ஆளுங்க வந்துட்டாங்க, இனிப் பயமில்ல' என்று லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். சமாதானம் செய்ய வந்த படை கொஞ்ச நாளில் தானே சண்டையில் இறங்கி, பிறகு திரும்பிப் போனது. பட்டாசு வெடித்தவர்கள் அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

இனி அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முகாமின் சலவைக்கூடத்தில் இவருக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரி போட்டவர் அந்த நாட்டுக்காரர். காலையில் வாசலில் உடம்பெல்லாம் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்களாம். அவருடைய சொந்த ஊரில், அவர் பிறந்து வளர்ந்த இடத்தில், வந்தவன் அவரைச் சோதிப்பான். இவருக்குத் தெரிந்த இந்தியில் பாதி சினிமாவில் கற்றது. அந்த மனிதருக்கும் அதே சினிமாக்கள் தெரியும் என்பதால் இரண்டு பேருக்கும் பேச்சுக்குக் குறைவில்லை. வீடியோவில் கூப்பிடும்போது அவரும் எட்டிப் பார்த்து என்னை 'பாபி' என்பார். அண்ணி என்று அர்த்தமாம். என் அண்ணன் தம்பிமார்கூட அத்தனை மரியாதையாக என்னைக் கூப்பிட்டதில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்து அதே முகாமுக்குத் திரும்பிப்போன ஒருவரிடம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தூளில் ஒரு பொதி அவருக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் பச்சைத் தேயிலையை வெந்நீரில் போட்டுக் குடிக்கிறவர்கள். எங்கள் தூளையும் அதே மாதிரிக் கைநிறைய அள்ளிப் போட்டுக் குடித்துவிட்டு, 'பாபி எனக்கு என்ன மருந்து அனுப்பியிருக்காங்க?' என்று கேட்டாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்கு ஒரு மகள். கறுப்பு உடுப்பும் வெள்ளைத் தலைத்துணியுமாகப் பள்ளிக்கூடம் போகும் படத்தைக் காட்டுவார். நெட்டையான பிள்ளை, கேமராவைப் பார்த்து முறைக்கும்.

அந்த ராணுவம் நாட்டைவிட்டுப் போகப்போகிறது என்று பேச்சு வந்தது. அந்த மனிதருடைய மைத்துனர் தன் குடும்பத்தை லொறியில் ஏற்றி எல்லை தாண்டப் போவதாகவும், லொறியில் இவர்களுக்கும் இடம் இருப்பதாகவும் சொன்னாராம். அதைப் பற்றித்தான் ஒருநாள் வீடியோவில் பேச்சு. போகலாமா, இருக்கலாமா என்று அவர் இவரைக் கேட்டார். இவர் சொன்ன பதிலை எனக்கும் தமிழில் சொல்லிக் காட்டினார்.

"தொரமாரு வருவாங்க, போவாங்க. தோட்டம் எங்கயும் போகாது. பேர் பதிஞ்ச ஆளு நீங்க. அடுத்த தொர வந்தா மொதல்ல ஒங்களத்தான் கூப்பிடுவான். இருங்கன்னு சொன்னேன்."

இந்த யோசனை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது. எங்கள் தோட்டம் எத்தனையோ கைமாறியிருக்கிறது. வெள்ளைக்காரன் போய் அரசாங்கம் வந்தது, அரசாங்கம் போய்க் கம்பெனி வந்தது. யார் வந்தாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அதே பேர்களைத்தான் கூப்பிட்டார்கள். தோட்டத்தோடு பேரும் சேர்ந்து கைமாறும். பேர் பதியாதவனைத்தான் விரட்டுவார்கள், பதிந்தவனுக்கு லயத்தில் ஓர் அறை, ஒரு காம்பராவாவது மிஞ்சும். இவர் பிறந்ததிலிருந்து கண்டது அதுதான். முகாமையும் ஒரு தோட்டம் என்றே நினைத்துவிட்டார். மேலே பங்களா, கீழே வரிசையாகக் காம்பரா, சுற்றி வேலி. நினைப்பதற்கு எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த மனிதர் லொறியை அனுப்பிவிட்டு இருந்துவிட்டார்.

ஒரு காலையில் இவரையும் மற்ற வெளிநாட்டு வேலைக்காரர்களையும் விமானத்தில் ஏற்றினார்கள். கூப்பிட்டுச் சொல்லக்கூட விடவில்லையாம். அதே காலையில் அந்த மனிதர் வழக்கம்போல வேலைக்கு வந்து வாசலில் நின்றிருக்கிறார். வாசல் பூட்டியிருந்தது, உள்ளே ஆளில்லை. பிறகு அடுத்த துரைகள் வந்தார்கள். இவர் சொன்னது அப்படியே பலித்தது. பேர் பதிந்த ஆட்களைத்தான் அவர்கள் முதலில் தேடினார்கள்.

அவர் உயிர் தப்பினார். கடவுள் புண்ணியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலை வழியாக நடந்தே எல்லை தாண்டி, இப்போது பக்கத்து நாட்டில் ஒரு செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார். மகளும் அடுக்குகிறாள். இவ்வளவும் அவர் ஒருமுறை கூப்பிட்டுச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவருடைய நம்பர் வந்தால் இவர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். யாருங்க என்று கேட்டால் சும்மா என்பார். சும்மா கூப்பிடுகிறவனுக்காக இவர் முகம் எதற்கு அப்படிக் கறுக்க வேண்டும்?

இவர் ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு அங்கேயே போய் முட்டியது. தம்பி மச்சான் பக்கம்.

"அக்கா, நீங்க ஒரு பக்கம் மட்டும் பாக்குறீங்க. அவங்க இருந்தவரைக்கும் அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போச்சு. போனப்பறம்தானே எல்லாம் நாசமாச்சு? அப்ப அவங்க வந்தது தப்பில்ல, விட்டுட்டுப் போனதுதான் தப்பு."

"கேட்டியா? படிச்சவன் சொல்றான்," என்றார் இவர்.

"நல்லாப் படிச்சான். ஒருத்தன் வந்து ஒன் வீட்டுத் தூணப் புடுங்கிப் போட்டுட்டு அங்க அவன் தோளக் குடுத்துக்கிட்டு நிக்கிறான். நான் நகந்தா வீடு விழுந்திரும் பாருன்னு சொல்றான். வீடு விழத்தான் செய்யும். அதுக்காக அவனக் கும்புடுவியா?"

"தூண அவனா புடுங்குனான்? அது ஏற்கெனவே உளுத்துப் போயிருந்துச்சுக்கா."

உளுத்துத்தான் போயிருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். அந்த நாட்டை நாசம் செய்த சொந்த ஆட்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அது தெரிந்ததாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த போன் அடித்தது. இவர் பார்த்தார், கவிழ்த்தார். நான் எட்டி எடுத்து, பட்டனை அமத்தி, இவர் தோளை ஒட்டி நின்று முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"நாட்டுக்கு நல்லதா கெட்டதான்னு நாங்க எதுக்குப் பேசணும்? அந்த நாட்டு ஆளு இந்தா இருக்காரு. போகலாமான்னு அவருகிட்டயே கேளுங்க."

திரையில் அந்த மனிதர். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, எனக்கு ஒரு கணம் அடையாளமே தெரியவில்லை. என்னைக் கண்டதும் 'பாபி' என்று நெஞ்சில் கைவைத்தார். இவருக்குத் தப்ப வழியில்லை. முதலில் தடுமாறினார், பிறகு இரண்டு பேரும் பேசினார்கள். எனக்கு அந்தப் பாஷை விளங்காது. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வேலை விஷயத்தை இவர் சொன்னது மட்டும் அந்த நாட்டுப் பேரை வைத்து விளங்கியது. இப்போது அந்த மனிதர் இவரை வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் சிரித்தார். கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், இவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டு இவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் லைன் போய்விட்டது.

"என்ன சொன்னாரு?"

இவர் என் கையிலிருந்த போனை வாங்கி மேசையில் வைத்தார்.

"என்னங்க, என்ன சொன்னாரு?"

"சூப்பர்வைசராயிட்டீங்களா, சந்தோஷம்னாரு. அந்த நாட்டு ஆளுங்களும் அங்க வேலைக்கு வருவாங்களான்னு கேட்டாரு. வருவாங்கன்னேன்."

"அப்பறம்?"

"நாங்க ஒரு நாளைக்குப் போயிருவோம்னு மொத நாளே அவங்ககிட்டச் சொல்லிருங்கன்னாரு. கடைசியில சொன்னா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நடக்க நேரம் பத்தாதாம்."

தம்பி எழுந்து வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டான்.

திங்கட்கிழமை இவர் ஹட்டனுக்குப் போய் ஏஜென்சியில் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். ஏஜென்சிக்காரர் கெஞ்சவுமில்லை, கோபப்படவுமில்லையாம். பொகவந்தலாவையிலிருந்து வேறொருவர் அப்போதே வந்து வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாராம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. இத்தனை நாள் நான் தொண்டை கிழியக் கத்தினேன், கேட்கவில்லை, அந்த ஆள் வாழ்த்துச் சொன்ன பிறகு மட்டும் எப்படி மனசு மாறியது என்று கேட்டேன்.

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவரு என்னைய ஏசியிருந்தா நான் போயிருப்பேன் புள்ள."