பெரியவர் துணையோடு மட்டும்

இது நடந்தது 1998ஆம் ஆண்டு வைகாசியில். வன்னியில், ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம் உள்ளே போனால் வரும் ஒரு குடியேற்றக் கிராமத்தின் வாசிகசாலையில். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விடுகிறேன்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞன். மூன்று மணிக்கு வேலை முடிய நேரே வாசிகசாலைக்குப் போய், மூன்றரைக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுவேன். சம்பளமில்லாத வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை. மண் சுவர், கிடுகுக் கூரை, இரண்டு அலுமாரி, ஒரு நீள மேசை, ஏழு கதிரை, சுவரோரம் ஒரு வாங்கு. பத்திரிகைகள் வவுனியாவிலிருந்து ஐந்தாறு நாள் பிந்தித்தான் வரும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அது வந்து சேர்ந்த திகதியை எழுதி வைப்பேன். வருகிறவர்கள் கையொப்பப் புத்தகத்தில் பெயர், வந்த நேரம், போன நேரம் மூன்றையும் எழுத வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருந்தேன். போரால் இடம்பெயர்ந்து வந்த நாட்களில் இப்படி ஏதாவது ஒன்றாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. மலையகத்திலிருந்து முன்னொரு காலத்தில் வன்னிக்கு வந்த குடும்பம். தகப்பன் இல்லை, தாய் வயல்களில் கூலி வேலை. மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை. ஊரில் விஞ்ஞானப் பாடப்புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் எங்கள் அலுமாரியில். அதை வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்பது விதி. ஆகவே அவள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, கொப்பியில் பார்த்து எழுதுவாள். படங்களைக் கூட விடமாட்டாள்.

மாத முடிவில் கையொப்பப் புத்தகத்தைப் பார்த்து ஓர் அறிக்கை எழுதுவது என் வழக்கம். அப்போதுதான் கவனித்தேன். சித்திரையில் அவள் மூன்றரைக்கு வந்து ஐந்தரை வரை இருந்திருக்கிறாள். வைகாசி இரண்டாம் கிழமையில் நாலே முக்காலுக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் கிழமையில் நாலு பத்துக்கு. ஒரு நாள் வந்து இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டாள்.

அடுத்த நாள் பகிடியாகத்தான் கேட்டேன்.

“என்ன பிள்ளை, படிப்புக் கசந்து போச்சோ?”

“இல்லீங்க சேர். அம்மா வெள்ளனவே வரச் சொன்னாங்க.”

அன்று கதிரைகள் வெறுமையாக இருக்க, அவள் யன்னலோரம் நின்றுகொண்டே வாசித்தாள். எனக்கு ஏதோ உறுத்தியது. வாசிகசாலையைப் பூட்ட முன்னர் கையொப்பப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். இம்முறை நேரத்தைப் பார்க்கவில்லை, பெயர்களைப் பார்த்தேன். அவளுடைய பெயருக்கு அடுத்த வரியில் தினமும் ஒரே கையெழுத்து. அவள் போன நேரம் நாலு பத்து என்றால், அவர் போன நேரமும் நாலு பத்து அல்லது நாலு பதினொன்று. அவள் வராத நாட்களில் அவர் ஆறு மணி வரை இருந்து பத்திரிகை படித்திருக்கிறார்.

அவர் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். ஊரில் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களைப் போல யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர். இடம்பெயரும்போதும் விட்டுவிடாமல் சுமந்து வந்த தன் புத்தகங்களை வாசிகசாலைக்குத் தந்தவர். எனக்கு அவரில் பெரிய மதிப்பு.

அடுத்த நாள் அவர் வருவதற்கு முன்னர் அவளிடம் நேரே கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்.

“பாடம் சொல்லித் தாறேன்னு கதிரைய இழுத்துக்கிட்டுப் பக்கத்துல வந்து உக்காருறாரு சேர். கையப் பிடிக்கிறாரு. எந்திரிச்சுப் போனா வாய்க்கால் வரைக்கும் சைக்கிள உருட்டிக்கிட்டுப் பின்னாலயே வாறாரு. வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு.”

நான் மேசையில் இருந்தவன். ஏழு கதிரையும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. நான் பத்திரிகையில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன்.

வாசிகசாலைத் தலைவரிடம் போனேன்.

“ஆர், அவரோ?” என்றார். “விசர்க்கதை கதையாதையும். உந்த அலுமாரியில அரைவாசி அந்த மனிசன் தந்தது.”

“பெட்டை பொய் சொல்லேல்லை. கையொப்பப் புத்தகத்தைப் பாருங்கோ.”

“அப்ப பெட்டையை மறியும். கதை வெளியில போனால் ஆருக்குக் கூடாது? அவருக்கோ? அவளுக்குத்தானே. நாளைக்கு ஒருத்தன் கட்டுவானோ?”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அந்த மனிதர் ஒரு கூலிக்காரராகவும் அந்தப் பிள்ளை எங்கள் ஆட்களின் பிள்ளையாகவும் இருந்திருந்தால் நான் தலைவரிடம் போயிருக்கவே மாட்டேன், வாசலிலேயே மறித்திருப்பேன்.

வைகாசி கடைசி நாளன்று, என் நல்ல கையெழுத்தில், திகதியும் இட்டு ஓர் அறிவித்தல் ஒட்டினேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளைகள் அவர்களின் பாதுகாப்புக் கருதி இனிமேல் பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே வாசிகசாலைக்கு வர வேண்டும். வயலில் இருந்து இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் தாய் எப்படித் துணைக்கு வருவாள் என்று நான் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தும் எழுதினேன்.

அவள் அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தாள்.

“அப்ப விஞ்ஞானப் புத்தகத்த வீட்டுக்குக் குடுப்பீங்களா சேர்? ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கொண்டாந்து காட்டுறேன்.”

“அது குடுக்கேலாது பிள்ளை. விதி எல்லாருக்கும் ஒண்டுதான்.”

அவள் அழவில்லை. எழுதி முடிக்காத பக்கத்தைக் கொப்பியோடு மூடி எடுத்துக்கொண்டு போனாள். அரை மணித்தியாலம் கழித்து அவர் வந்தார். அறிவித்தலை நின்று வாசித்தார்.

“நல்ல வேலை தம்பி” என்றார். “இந்தக் காலத்தில பெண்பிள்ளையளுக்குப் பாதுகாப்பு முக்கியம்.”

பிறகு கையொப்பம் வைத்துவிட்டு வழமையான கதிரையில் போய் இருந்தார். அவர் எதை விளங்கிக்கொண்டு சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தலையாட்டினேன்.

அவளோடு இன்னும் மூன்று பெண்பிள்ளைகள் வருவார்கள். ஆனியில் அவர்களும் நின்றுவிட்டார்கள். ஆவணி அறிக்கையில் “மாணவியர் வருகை இல்லை” என்று எழுதிக் கோப்பில் போட்டேன். பரீட்சைக்கு அவள் தோற்றவில்லை என்பதை மார்கழியில் ஓர் ஆசிரியர் சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த நாளே அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். விதியை மீறத் துணிந்த நாள் அதுதான். பரீட்சை முடிந்து ஒரு கிழமை ஆகியிருந்தது.

பெரும்போகக் களை பிடுங்கும் காலம். தாயும் மகளும் ஒரே வயலில் நின்றார்கள். தாய் வரம்புக்கு வந்து சேற்றுக் கையைச் சீலையில் துடைத்தா. மகள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொண்டாள்.

“இப்ப எதுக்கு சேர் அது?” என்றா தாய்.

“அடுத்த வருசம் எடுக்கலாம்தானே. புத்தகம் வீட்டிலயே இருக்கட்டும்.”

அவா புத்தகத்துக்குக் கை நீட்டவில்லை.

“அந்த ஐயா இன்னமும் அங்க வாறாரா?”

“ஓம்.”

“தனியாவா வாறாரு?”

“ஓம்.”

“அவரையும் ஒரு பெரியவர் துணையோட வரச் சொல்லி ஒரு தாள் ஒட்டலாமே சேர். என் புள்ளையத்தான் ஆள் கூட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிச் சேற்றில் இறங்கிவிட்டா.

அன்று பின்னேரம் அறிவித்தலைக் கிழித்தேன். அவர் வந்தபோது வாசலில் நின்று, “ஐயா, இனி இஞ்ச வராதேங்கோ” என்றேன். “என்ன தம்பி, பகிடியோ?” என்று சிரித்தார். நான் விலகவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஒரே ஒரு வசனம். ஏழு மாதத்துக்கு முன்னர் சொல்லியிருந்தாலும் அது அந்த ஒரு வசனமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு கிழமைக்குள் ஆள் அனுப்பித் தன் புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார். தலைவர் என்னோடு கதைப்பதை விட்டார். அது பெரிய நட்டம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையும் வரவில்லை, மற்ற மூவரும் வரவில்லை. வாசல் திறந்திருப்பதாக நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னபோது பெற்றோர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை.

இப்போதும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று எங்காவது ஒரு விதி எழுதப்பட்டிருந்தால், அது யாரை வெளியே அனுப்புகிறது, யாரை உள்ளே இருக்க விடுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அப்படிப் பார்க்க நான் பழகிக்கொண்டதால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.