காட்டேரிக்கு மாமனார்

திருத்துறைப்பூண்டியில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் குழந்தைராஜ் முப்பது வருடமாக ஊராரின் ரத்தத்தை எடுத்து வருகிறவர். அதற்காக யாரும் அவரிடம் மயங்கி விழுந்ததில்லை. ஊசியைப் பார்த்து மயங்கியதுண்டு. அதனால், மகள் ஜெனித் போனில் உருகி உருகிப் படித்த காட்டேரிக் காதல் தொடர் கண்ணில் பட்டபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் குடிக்கிறவனுக்கு இவ்வளவு மவுசா?

ஆனாலும் தொண்ணூறு அத்தியாயத்தையும் படித்து முடித்தார். அதில் நாயகிக்கு ஓர் அப்பா உண்டு. நாலே இடத்தில் வருகிறார். ஒரு இடத்தில் பேப்பர் படிக்கிறார், ஒரு இடத்தில் "சாப்பிட்டியாம்மா" என்கிறார், இரண்டு இடத்தில் தூங்குகிறார். தூங்கும்போதுதான் பெண் காட்டேரியோடு போய்விடுகிறாள். அந்த மனுஷனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கோபம் கதைமேல் மட்டுமில்லை. ஜெனித் தானே தேர்ந்தெடுத்த வலங்கைமான் ரெமிஜியஸ், அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம், வெயில் படாத வெளுப்பு. பெண் பார்க்கக்கூடப் பொழுது சாய்ந்துதான் வந்தான். மனைவி எல்சி சரி என்றுவிட்டாள். குழந்தைராஜ் வாயே திறக்கவில்லை. மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும். இரண்டு முடிந்து ஒன்று பாக்கி.

சொல்ல முடியாததை எழுத உட்கார்ந்தார். அவர் கதையில் காட்டேரி முறையாகப் பெண் கேட்டு வருகிறான்.

"ஞானஸ்நான சர்டிபிகேட் இருக்கா?" என்கிறார் அப்பா.

"முந்நூறு வருசத்துக்கு முந்தி எடுத்தது மாமா. கரையான் அரிச்சிருச்சு."

அப்பா விடுவாரா? ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார், ஹீமோகுளோபின் இரண்டு. கடைசி ஓலையன்று எழுந்து நின்று தடை சொல்கிறார். கோவிலே கைதட்டுகிறது.

நாற்பது பக்கத்தையும் சனிக்கிழமை மகளிடம் நீட்டினார். படித்தால் புரிந்துகொள்வாள் என்று நம்பினார். ஹீமோகுளோபின் வந்த இடத்தில் ஜெனித் விழுந்து விழுந்து சிரித்தாள். முடித்ததும் சிரிப்பைக் காணோம்.

"இதுல அந்தப் பொண்ணு எங்கப்பா?"

"உள்ளதான இருக்கா."

"ஒரு வார்த்தை பேசலையே. அந்தக் கதையில அப்பாவுக்காவது நாலு இடம் இருந்துச்சு."

புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். "சாப்பிட்டியாம்மா" என்றுகூட ஒரு வரி எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

"சரி, நீ சொல்லும்மா. ஏன் அந்தப் பையன்?"

"போன வருசம் அம்மா ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும்னதும் தூங்காம, வேகாத வெயில்ல பைக்குல வந்து குடுத்துட்டுப் போனாரே. அது அவர்தாம்பா. குரூப் பாத்ததே நீங்கதான்."

குழந்தைராஜ் யோசித்தார். இடது கை, பளிச்சென்று கிடைத்த நரம்பு. முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவர் என்றைக்கு முகத்தைப் பார்த்திருக்கிறார்?

ஞாயிறு காலை கடைசி ஓலையை வாசித்தார்கள். தூக்கம் சொக்கும் கண்களோடு ரெமிஜியஸும் பூசைக்கு வந்திருந்தான். குழந்தைராஜ் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்ததும், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவனிடம் போனார். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"சாப்டீங்களா மாப்ள?" என்றார்.