ஏசிக்குக் கட்டிய திருஷ்டி உப்பு

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவின் முதல் ஏசி என் வீட்டுக்குத்தான் வந்தது. மகளின் தலைப்பிரசவத்தை நினைத்து, தை மாதமே வாங்கி மாட்டிவிட்டேன். திருக்கோவிலூரில் அவள் மாமியார் வீட்டில் இரண்டு ஏசி ஓடுகிறது. கத்திரி வெயிலில் வாயும் வயிறுமாக வருகிறவளை ஃபேனுக்கடியில் படுக்கவைத்தால் சம்பந்தி என்ன நினைப்பார்?

மாட்டிய அன்றே எதிர்வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "இன்னா சார், வூட்ட ஊட்டி ஆக்கிட்டீங்க" என்றார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா. ஆனால் நானோ வாசலில் பூசணிக்காய் கட்டிய மனைவியை ஊரறியக் கிண்டல் செய்தவன். அதனால் யாருக்கும் தெரியாமல், கல்லுப்பும் பாதி எலுமிச்சம்பழமும் துணியில் முடிந்து, வெளியே சுவரில் இருந்த ஏசிப் பெட்டியின் பின்பக்கம் கட்டினேன். அமாவாசைக்கு அமாவாசை புது மூட்டை.

சித்திரையில், வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஏசி வெறும் காற்றைத் தள்ளியது. மெக்கானிக் வருவதற்குள் மூட்டையை அவிழ்த்து ஒளித்துவிட்டேன். அவர், "காயில் லீக்குங்க, கேஸ் பூரா போயிடுச்சி" என்று ஓட்டையை அடைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக் கண் அவ்வளவு பொல்லாதது. இந்த முறை இரண்டு மூட்டை கட்டினேன். வளைகாப்பன்று ஏசி மறுபடியும் படுத்துவிட்டது.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துவருவதுதான் வழக்கம். நான் மட்டும், "ஏசி சரியாவட்டும்மா, வந்து கூப்பிட்டுக்கிறேன்" என்று அவள் மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். தினமும் போன் செய்வாள். "எப்பப்பா வர்றே?" என்பாள். நான் காயிலைப் பற்றிச் சொல்வேன்.

இரண்டாம் முறை மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். மூட்டையைப் பிடுங்கி மனைவி முன்னால் நீட்டினார். "இத யாருங்க கட்டனது? உப்புத்தண்ணி எறங்கி செப்புக் குழாய அரிச்சிட்டிருக்கு. இனிமே அடைக்க முடியாது, புது காயில்தான். பத்து நாளாவும்." மனைவி என்னைப் பார்த்தாள். நான் எதிர்வீட்டைப் பார்த்தேன்.

ஆறாம் நாளே மகளுக்கு வலி கண்டுவிட்டது. பேத்தி திருக்கோவிலூரிலேயே பிறந்தாள்.

பார்க்கப் போனபோது சம்பந்தி வீட்டு அறை சில்லென்று இருந்தது. மகளிடம், "காயில் வந்துடுச்சும்மா, நாளைக்கு மாட்டிடுவாங்க" என்றேன்.

மகள் குழந்தையை என் மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஏசியாப்பா கேட்டேன்? எப்ப வந்து இட்டுக்கினு போவேன்னுதானே கேட்டுக்கினு இருந்தேன்."

இந்தப் பழியை எதிர்வீட்டுக்காரர் மேல் போட வழியில்லை.