சித்தியின் மூன்றாவது அறை

என் சித்தி திரைச்சீலை தைப்பவள். முப்பது வருடமாக ஊரில் பாதி ஜன்னல்களுக்கு அளவெடுத்தவள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் ஜன்னலைத்தான் பார்ப்பாள். வாய் நீளம், ஆனால் மனசு தங்கம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா போன பிறகு, சுற்றுலா வருகிறவர்களுக்கு மாடியை நாள் வாடகைக்கு விட்டாள். அதற்கு நகராட்சி உரிமம் வேண்டும், உரிமத்துக்கு நாலு பக்க விதிமுறை. உரிம எண்ணைக் கதவில் ஒட்ட வேண்டும். ஏதாவது ஆனால் அரை மணி நேரத்தில் வந்து நிற்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும், அது நான். எனக்கு மருந்துக் கடையில் வேலை, பத்து நிமிட நடை. பன்னிரண்டாவது விதி: திறக்கக்கூடிய ஜன்னல் இல்லாத அறையில் யாரையும் படுக்கவைக்கக் கூடாது.

மாடியில் மூன்று அறை, ஒரு அடுப்படி. மூன்றாவதற்கு ஜன்னல் கிடையாது.

"ரெண்டு ரூம்னா குடும்பமா யாரும் வரமாட்டேங்கிறாங்க" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். மறுவாரம் போனால், அந்த அறைச் சுவரில் தரை வரை தொங்குகிறது ஒரு வெள்ளைத் திரை. பின்னால் ட்யூப் லைட். துணியில் வெயில் அடிப்பது போலவே இருந்தது. ஒரு நிமிஷம் நானே ஏமாந்தேன்.

"எப்படி?" என்றாள், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

"இது தப்பு சித்தி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"அபசகுனமா பேசாதடி. கதவு இருக்குல்ல?"

சோதனைக்கு ஆள் வந்த அன்று திரையைக் கழற்றிச் சுருட்டினாள், மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள், இஸ்திரி மேசையை உள்ளே தள்ளினாள். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டோர் ரூமா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. அவர் படியிறங்கி முடிப்பதற்குள் சித்தி கொக்கிகளை மாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அன்றிலிருந்து கடையில் போன் அடித்தாலே சித்தியோ என்று ஓடிப்போய் எடுப்பேன். கோடை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதில் சித்திக்குத் தைரியம் கூடியது, எனக்குப் பயம் கூடியது.

அப்புறம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண்கள், மனைவியின் அப்பா. பெரியவருக்குக் கண்புரை. மூன்றாவது அறையை அவருக்குக் கொடுத்தார்கள்.

வியாழன் மதியம் இரண்டேகாலுக்குச் சித்தியின் போன். "உடனே வாடி, மாடியில தீ!"

பெரியவர் படுத்திருக்க, மகள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டுக் கீழே காரில் எதையோ எடுக்கப் போயிருக்கிறாள். மற்றவர்கள் தோட்டத்தில். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி முழுக்கக் கறுப்புப் புகை. மருமகன் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு மாமனாரைத் தோளில் தூக்கி வந்தார். பெரியவரின் விரல் நுனியெல்லாம் ரத்தம். நகங்கள் பெயர்ந்திருந்தன.

தீ அடுப்படியைத் தாண்டவில்லை. புகைதான் தாண்டியது, அதுவே அவர் நெஞ்சுக்குப் போதுமானதாக இருந்தது. ராத்திரி தாங்குவாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்ல மறுத்துவிட்டார்.

பெரியவர் எங்களைப் பார்க்க வேண்டும் என்றாராம். உள்ளே விட்டார்கள். அந்த அறையைப் பற்றி அவரிடம் யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கட்டுப் போட்ட கையால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்காரம்மாவா? மன்னிச்சுக்கங்கம்மா, உங்க திரையைக் கிழிச்சிட்டேன்." மூச்சு வாங்கியது. "கதவுப் பக்கம் ஒரே புகை. ஜன்னலைத் திறக்கலாம்னு தடவித் தடவிப் பார்த்தேன். இந்தப் பாழாப்போன கண்ணு... எவ்வளவு தேடியும் கைக்குச் சிக்கல. எந்தப் பக்கம்மா இருந்துச்சு?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்லும் சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர் அவள் கையை விடாமல் காத்துக்கொண்டிருந்தார்.