நோயெமி தட்டாத கதவு

அடுத்த அறையில் வாக்குவம் கிளீனர் உறுமிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருக்கும் தரையை என் தங்கை நோயெமி மறுபடி தேய்க்கிறாள் என்றால் அழுகிறாள் என்று அர்த்தம். விசும்பல் என் காதில் விழக் கூடாதாம்!

பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னடி ஆச்சு?"

"உடற்கூறியலை விட்டுடப் போறேன்க்கா. பேரை எடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். ஃபெயிலாகி அசிங்கப்படறதுக்கு இது மேல்."

முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் புரட்டியே இடுப்பொடிந்தவள். நர்ஸாக வேண்டும் என்று முப்பத்துநான்கு வயதில் எங்கள் ஃப்ரெஸ்னோ நகரத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். இந்தப் பாடத்தை விட்டால் நர்ஸிங் வகுப்பு வெறும் கனவுதான். ஆனால் சித்தியை டாக்டரிடம் கூட்டிப்போக நோயெமி, மாமா பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்துக்கு நாற்காலி சுமக்க நோயெமி. அதுவும் பரீட்சைக்கு முந்தின நாள்!

"டீச்சரைப் போய்ப் பாத்தியா?"

பதில் வருவதற்குள் அழைப்பு மணி. வகுப்பில் இவள் பக்கத்தில் உட்காரும் மாங் இனப் பெண் பா ஹுவா. பத்தொன்பது வயது, வாய் மட்டும் நாற்பது.

"நேத்து கிளாஸுக்கு ஏன்க்கா வரல? டீச்சரோட ஆபீஸ் நேரத்துல போய்க் கேட்டீங்களா?"

"அது அவங்க ஆபீஸ் வேலை பாக்கற நேரமாச்சே! ரெண்டு தரம் போனேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. ஏதோ எழுதிட்டிருந்தாங்க. எதுக்குத் தொந்தரவுன்னு திரும்பிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பா ஹுவா சிரித்துவிட்டாள்.

"அக்கா, அது நமக்காகவே உக்காந்திருக்கற நேரம்! யாரும் வரலன்னுதான் எழுதிட்டிருந்திருப்பாங்க. நானும் அதைத் திட்டு வாங்கப் போற நேரம்னு நெனச்சு ஒரு வருஷம் ஒளிஞ்சேன்."

"யாருமே சொல்லலியே."

"கேட்டா நமக்கு ஒண்ணும் தெரியலன்னு தெரிஞ்சுடுமே! எல்லாரும் வாயை மூடிட்டிருக்கோம்."

நோயெமி தரையைப் பார்த்தாள். "என்னைப் பாத்ததும், இந்தப் பொம்பள காலேஜுக்கு எதுக்கு வந்தான்னு நெனப்பாங்கடி."

இதுதான் விஷயம்! அவள் எதிரே போய் நின்றேன். "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைக்குக் கூசாம துடைச்சு விடறே, வாயத் திறந்து ஒரு கேள்வி கேக்கக் கூசுதா உனக்கு?"

அவள் போன் அலறியது. சித்தி. மருந்துக் கடைக்குப் போக வேண்டுமாம். நோயெமியின் கை கார் சாவியைத் தேட, நான் போனைப் பிடுங்கினேன்.

"சித்தி, அவ வரமாட்டா. பஸ்ல போங்க."

"அக்கா!" அதிர்ந்து நின்றாள் நோயெமி. அப்புறம் மெல்லக் கேட்டாள், "கோவிச்சுக்குவாங்களோ?"

"கோவிச்சுக்கட்டும்!"

"டீச்சர் மூணு மணி வரைக்கும் இருப்பாங்க, கெளம்புங்க" என்றாள் பா ஹுவா. நோயெமி கண்ணைத் துடைத்தாள். மார்க் குறைந்து திரும்பி வந்த பரீட்சைத் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பா ஹுவா அவளுடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"ஏய், வீட்டுச் செருப்போடவாடி போறே? மாத்திட்டுப் போ!" என்று கத்தினேன்.

கதவு சாத்திக்கொண்டது.